ரப்பர் சாரும் டிபன் மூடியும்

துபாயில் ரப்பரைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி குதித்த ஒரே மனிதர் எங்கள் ரப்பர் சார்தான். பென்சில் கோட்டை அழிக்கிற ரப்பரைச் சொல்கிறேன். ஓர் இந்தியப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். திருநெல்வேலிக்காரர். பிள்ளைகளிடம் பறித்த ரப்பர்களைச் சத்வா ஏரியாவில், தையல்கடைக்கு மேலே இருந்த தன் ரூமில், ஒரு பால்பவுடர் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தார். "தப்பாப் போட்டா போட்டதுதாம்லே. அது மேலயே சரியாப் போடு" என்பார்.

பரீட்சை நெருங்கினால் முதல் பலி டிராயிங் பீரியட்தானே. கணக்கு டீச்சர் வந்து அதைக் கேட்டபோது சார், "காம்பஸ் இல்லாம போர்டுல ஒரு வட்டம் போடுங்க, பீரியடை எடுத்துக்கிடுங்க" என்றாராம். அந்த அம்மாள் ஒரு வாரம் வீட்டில் பழகிவிட்டு வந்து போட்டார். பூசணிக்காய்தான் வந்தது. பீரியட் தப்பித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பஸ் மாறி எங்கள் லேபர் கேம்புக்கு வருவார். நான் அங்கே கிளார்க். மெஸ் ஹாலில் கம்பி கட்டுகிறவர்களையும் கார்பெண்டர்களையும் உட்காரவைத்து, காசு வாங்காமல் படம் வரையச் சொல்லிக்கொடுப்பார். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"லீவு நாள்ல தூங்க விடாம இவனுகளுக்குப் படம் எதுக்கு சார்?" என்றேன்.

"கையைச் சைட் வேலைக்கு மட்டுந்தான் படைச்சிருக்கா வே?" என்றார்.

வீடு வரையச் சொன்னால் தூண், பீம், கம்பி என்று வரைவார்கள். "வீட்டுல ஆளுக எங்கலே?" என்று கத்துவார். "இன்னும் சாவி ஹேண்டோவர் ஆகலையே சார்" என்பான் ஆறுமுகம். ராமநாதபுரத்துக்காரன், கம்பி கட்டுகிறவன்.

ஒருநாள் அவரவர் முகத்தை வரையச் சொன்னார். கேம்பில் கண்ணாடி என்றால் பாத்ரூமில் ஒன்றுதான். ஆளுக்கொரு டிபன் மூடியைப் பளபளவென்று தேய்த்து எதிரில் வைத்துக்கொண்டார்கள். மூடி வளைந்திருந்ததால் அத்தனை பேருக்கும் கன்னம் பணியாரமாக உப்பி, மூக்கு பரந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. "பார்த்ததை அப்படியே போட்டிருக்கானுக" என்று சொல்லி, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆறுமுகம் தன் படத்தைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டான்.

அடுத்த மாதம் அவன் சைட்டில் ஆறாவது மாடியிலிருந்து விழுந்தான்.

முகம் மிஞ்சவில்லை. உடம்பு போகிற பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லச் சொன்னார்கள் கம்பெனியில். கூடவே அனுப்ப அவன் சாமான்களைக் கட்டி லிஸ்ட் போடுவது என் வேலை. பேண்ட், சட்டை, கைலி, போன், போர்வை. சுவரிலிருந்த படத்தைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. லிஸ்டில் சேர்க்கிற சாமானாக அது எனக்குத் தோன்றவில்லை.

சார் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். வந்ததும் தலைமாட்டைத்தான் பார்த்தார்.

"படம் எங்க வே?"

சொன்னேன். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் ஸ்கூல் சட்டையோடு கேம்ப் குப்பைத்தொட்டிக்குள் இறங்கிவிட்டார். "பாய், க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சோ என்று பதறி வாட்ச்மேன் ஓடிவந்தான். முழங்கை வரை சாம்பாரும் மீன்முள்ளுமாக, கசங்கின தாளோடு ஏறிவந்தார். என் மேஜையில் வைத்துக் கையால் நீவினார். உப்பின கன்னத்தில் ஒரு குழம்புக் கறை.

"லிஸ்ட்ல எழுதும்."

"என்னன்னு சார் எழுத?"

"முகம், ஒண்ணு."

எழுதினேன். மானேஜர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து ஆறுமுகத்தின் மனைவி ஆபீசுக்கு போன் செய்தாள்.

"பெட்டியைத் திறக்க விடலண்ணே. உள்ள இருக்கிறது அவுகதானான்னுகூடத் தெரியல. அந்தப் படத்தைப் பெட்டி மேல வச்சுத்தான் அழுதோம். கன்னமெல்லாம் உப்பியிருக்கவும், அங்க நல்லாத்தான் சாப்பிட்டிருக்காகன்னு நெனச்சுக்கிட்டோம்."

அந்த உப்பல் மூடியின் வளைவு என்று நான் சொல்லவில்லை. சார் வந்தபோது அவரிடம் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் ஒரு மூடியைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். சார் என் பையைத் துழாவி, ரப்பரை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அந்த ஆளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அன்று வரைந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் ஜாடையே இல்லை என்கிறார்கள் வீட்டில். கிளார்க் வேலையில் எத்தனையோ கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்தின் ஓரத்தில் 'பாஸ்' என்று எழுதி அவர் போட்ட ஒன்றைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.