ஃபயர் அண்ணன் பேசிய இங்கிலீஷ்

சேன் பியேரில் கல்வீடு கட்டினேன். மாட்டுவண்டியில் தொடங்கி லாரி விட்டேன். மழை நிற்காத கியூர்பிப்பில் குடை விற்காமல் துணி விற்று ஜெயித்தேன். எங்கள் அம்மன் கோயில் தீக்குழிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியவனும் நான்தான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் இவ்வளவும் செய்தேன்.

அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: இந்த மொரீஷியஸ் தீவில் இங்கிலீஷ் பேசியே வெள்ளைக்காரரை ஜெயித்த ஒரே தமிழர் ஃபயர் அண்ணன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல். அது மட்டும் இல்லையென்றால் எங்கள் ஊரில் தீமிதியே நின்று போயிருக்கும். அந்தக் கதையைக் கோயில் கமிட்டி கல்லில் வெட்டப் போகிறதாம். தப்பாக வெட்டுவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை அள்ளி உலைக்குள் தள்ளுவது அண்ணனின் வேலை. கொதிகலன் பழுது பார்க்க வந்த ஓர் இங்கிலீஷ் என்ஜினியர் உலையைக் காட்டி "ஃபயர்! ஃபயர்!" என்று கத்தினார். அன்றோடு அண்ணன் இங்கிலீஷ் படித்து முடித்துவிட்டார். டீ சுட்டால் ஃபயர். மிளகாய் உறைத்தால் ஃபயர். அண்ணி முறைத்தால், குரலைத் தாழ்த்தி, ஃபயர். குளிர் மட்டும் அவருக்கு ஆகாது. என் கியூர்பிப் கடைத் திறப்புக்கு மூன்று கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, "தம்பி, கடை நல்லாருக்கு. ஆனா இங்க ஃபயர் இல்லியே!" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

ஒருநாள் அதே என்ஜினியர் கோபத்தில், "யூ ஆர் ஃபயர்ட்!" என்று அவரை வேலையை விட்டு நீக்கினார். அண்ணன் தெருவெல்லாம் வடை கொடுத்தார்.

"என்னண்ணே விசேஷம்?"

"துரை என் மூஞ்சியப் பாத்து, நீதான்டா ஃபயர்னு சொல்லிட்டாருடா! இனிமே உலை மொத்தமும் நம்ம கையில!"

மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு முதல் ஆளாக உலை முன்னால் நின்றார். நீக்கிய ஆளை எப்படி இன்னொரு தடவை நீக்குவது என்று தெரியாமல் என்ஜினியர் விட்டுவிட்டார்.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. ஆலை முற்றத்தில், கரும்பு வண்டி ஓட்டிய நான் உட்பட, எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எதிரே துப்பாக்கியோடு போலீஸ். அவர்களுடைய துரை தன் ஆட்களைப் பார்த்து, "டோன்ட் ஃபயர்!" என்று கத்தினார். எங்களுக்குக் கடைசிச் சொல்தான் காதில் விழுந்தது. மொத்தக் கூட்டமும் மண்ணில் படுத்தது. முதலில் படுத்தவன் நான்; எதிலும் நான் முந்திக்கொள்வேன். ஃபயர் அண்ணன் மட்டும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மோ லா, மிஸ்யே! இங்கதான் இருக்கேன், துரை. கூப்ட்டீங்களா?"

துப்பாக்கிக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

இனி, கல்லில் ஏற வேண்டிய கதை. கோயில் நிற்கும் இடம் ஆலைக்காரரின் கரும்புத் தோட்டத்துக்குச் சொந்தம். அந்த வருஷம் பிரெஞ்சுக்கார மானேஜர், "பொறி பறந்தா என் கரும்பு போச்சு. தீமிதி கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஆனால் அண்ணன் ஏற்கனவே மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டி விரதம் இருந்தார். தீ மிதிக்காமல் காப்பை அவிழ்க்க முடியாது. "வெட்டுனா கையத்தான் வெட்டணும், தம்பி" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் சூடு இல்லை.

இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த சர்க்கார் அதிகாரி ஒருவர், ஊரில் ஏதோ சச்சரவு என்று கேள்விப்பட்டு, மானேஜரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். என்ன வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார். கமிட்டித் தலைவர் செருப்பைப் பார்த்தார். மற்றவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். நான் பார்த்தேன், அண்ணன் முதுகில் கை வைத்து ஒரே தள்ளு!

அதிகாரி முன்னால் போய் நின்ற அண்ணன், "ஃபயர், சார்!" என்று தன் நெஞ்சில் தட்டினார். மானேஜரைக் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டி, "ஃபயர்!" என்றார். காப்புக் கட்டிய கையை உயர்த்தி, கண் கலங்க, "ஃபயர்..." என்றார்.

அதிகாரியின் முகம் சிவந்தது. அவருக்கு விளங்கியது வேறு என்று அவருடைய காரோட்டி பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சாமிக்குக் கயிறு கட்டியதற்காக ஒரு தொழிலாளியை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்!

"இந்த ஆளுக்கு என்ன வேலை?" என்று மானேஜரைக் கேட்டார்.

"உலையில் ஃபயர் போடுகிறவன்."

"அவனுடைய ஃபயரை அவனுக்கே திருப்பிக் கொடுங்கள். இன்றைக்கே!"

அதிகாரி சொன்னது உலை. மானேஜர் காதில் விழுந்தது தீமிதி. "உய், மிஸ்யே" என்று தலையாட்டினார். நாங்கள் போட்ட அரோகராவில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

தீமிதி அன்று அதே அதிகாரியை அழைத்து மாலை போட்டோம். தான் வேலை வாங்கிக் கொடுத்த ஆள் கனன்ற தணல்மேல் நடந்து வருவதைக் கண்டு மனிதருக்கு வாய் மூடவில்லை. அண்ணன் குழியைவிட்டு ஏறி, நேராக அவர் முன்னால் வந்து கைகூப்பி, "ஃபயர், சார்!" என்றார். இந்தத் தடவை அதற்கு அர்த்தம் நன்றி.

கமிட்டியாரே, கேட்டுக்கொள்ளுங்கள். கல்லில் என் பெயர் வர வேண்டும். 'சுவர் கட்டியவர்' என்று மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'தள்ளியவர்' என்றும் போடுங்கள். அந்தத் தள்ளு இல்லாமல் ஏது தீமிதி?

என் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில், அவர் பெயர். சொந்தப் பெயரை யாரும் தேடி அலைய வேண்டாம். ஃபயர் அண்ணன் என்றே வெட்டுங்கள். கல்லை மட்டும் வாசலில் மழையில் நிறுத்திவிடாதீர்கள். தீக்குழிக்குப் பக்கத்தில் வையுங்கள். அவருக்குக் குளிர் ஆகாது.