மஞ்சள் அங்கி போட்ட அட்டைப்படப் பெண்கள்

அவதானம் அண்ணை தன் சுவரில் மாட்டியிருந்த பெண்களைப் பார்த்தாரா, அவர்களுக்கு வரவிருந்த ஆபத்தைத்தான் பார்த்தாரா? எனக்கு இன்றும் தெரியாது. லண்டனில் கவர்ச்சிப் படங்களைப் பார்த்துப் பயந்த ஒரே ஆண் அவர்தான் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் மேல்மாடிக்காரர். ஒரு பண்டகசாலையில் விபத்து நேராமல் பார்க்கும் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் யாரைக் கண்டாலும் "அவதானம், பாத்து இறங்குங்கோ" என்பார்; அதுவே பெயராகிவிட்டது. ஐம்பதுகளில் வந்த ஆங்கிலச் சஞ்சிகைகளின் அட்டைகளைச் சேர்த்தார். எல்லாம் ஓவியர்கள் வரைந்த அழகிகள். ஒருத்தி ஏணியில் நின்று பெயின்ற் அடிக்கிறாள், பாவாடை ஆணியில் சிக்கி உயர்ந்திருக்கிறது. இன்னொருத்தியின் காலில் நாய்க்கயிறு சுற்றி, தொடை தெரியச் சரிகிறாள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் அண்ணையின் அறிக்கை இருக்கும்: "ஏணியை ஒருவரும் பிடிக்கவில்லை. சப்பாத்து பொருத்தமற்றது." பாவாடையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்தப் படங்களைப் பற்றி அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "என்னையும் இப்பிடித்தான் பாக்கிறவர், பிள்ளை. கலியாணத்தண்டு கூறை உடுத்துக்கொண்டு வந்து நிண்டன், 'கரை தடக்கும், தூக்கிப் பிடி' எண்டவர்" என்றார்.

என் ஷிப்ட் மாறியது. பள்ளி விட்டபின் ஐந்து வயது மகளைப் பார்க்க அவர்கள் இருவரை விட்டால் ஆளில்லை. ஆனால் அந்தச் சுவர்? மூன்று தரம் மெசேஜ் எழுதி அழித்தேன். கடைசியில் நேரே போய், படங்களைக் கழற்றினால் பிள்ளையை விடுகிறேன் என்றேன்.

"கழட்ட ஏலாது, பிள்ளை. வேற வழி பாப்பம்."

திங்கட்கிழமை போனால், அத்தனை அழகிகளும் கழுத்திலிருந்து முழங்கால்வரை மஞ்சள் கடதாசிப் பாதுகாப்பு அங்கியில் நிற்கிறார்கள். ஏணிக்காரிக்குத் தலைக்கவசமும் உண்டு. பசை பூசினால் அட்டை பழுதாகும், சோறென்றால் தண்ணீரில் கழன்றுவிடும் என்று, எங்கள் ஊர்ப் பழக்கத்தில் சோற்றால் ஒட்டியிருந்தார்.

ஒரு வருடம் கழித்து என் ஷிப்ட் திரும்ப மாறியது. அண்ணை ஏணிக்காரியை நனைத்து, அங்கியை மெல்ல இழுத்தார். முழங்காலும் உரிந்து கூடவே வந்தது. கீழிருந்த அறிக்கைச் சீட்டில் எழுதினார்: "முன்பரிசோதனை செய்யப்படவில்லை. பொறுப்பு: நான்."

முப்பது வருடச் சேகரிப்பு அது என்று அவர் மனைவிதான் பிறகு சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கப் போகும்போதெல்லாம் அண்ணை தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறார்.

பழைய அட்டையில் காய்ந்த சோற்றை, தாள் கிழியாமல் எடுக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஒருத்தியையாவது முழுசாக அவர் கையில் கொடுக்க வேண்டும்.