மஞ்சள் மீனும் மாலை வெயிலும்

வெளிநாடு போய் வந்த மனிதனிடம் "டூர் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் சட்டைப் பையில் பென்டிரைவ் இருக்கும். அவன் புகைப்படக் கழக உறுப்பினராகவும் இருந்துவிட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போயே போய்விட்டது. நான் அந்த வகை மனிதன். திருப்பூரில் பலருடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பாழாக்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று என்னையே பாழாக்கியது.

நான் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். தைத்து முடித்த டி-ஷர்ட்டுகளைப் பார்த்து 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டால்தான் அவை கப்பலேறும். மற்ற நேரங்களில் நான் கலைஞன். (இப்படி யாரும் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொள்வதுதான்.) எங்கள் முதலாளிதான் கழகத்துக்கும் தலைவர். வருடா வருடம் உறுப்பினர் ஒருவரின் படத்தை அட்டையில் போட்டுக் காலண்டர் அடிப்பார். ஐரோப்பாவில் எங்கள் சரக்கை வாங்கும் பையர்களின் மேஜை வரைக்கும் அது போகும். ஆறு வருடமாக அந்த அட்டைக்கு ஏங்கினேன். திருமுருகன்பூண்டி சிற்பப் பட்டறைகளில் தும்பிக்கை இன்னும் வராத பிள்ளையார்களாக எடுத்துத் தள்ளினேன். ஆறு வருடமும் தாராபுரத்து ஆற்றில் ஒரு உறுப்பினர் எடுத்த கொக்கிடம் தோற்றேன். (ஆறு வருடமும் ஒரே கொக்கு என்பது என் சந்தேகம்.)

போன வருடம் நானும் என் மனைவி செல்வியும் ஏழு நாள் ஐரோப்பா பேக்கேஜில் போனோம். பிராக் நகரத்து ஆற்றங்கரையில், சாயங்காலம், வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நீல டி-ஷர்ட்டின் நெஞ்சில் கண்ணாடி போட்ட மஞ்சள் மீன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது எங்கள் மீன்! எங்கள் கம்பெனியில் தைத்து, நானே பாஸ் போட்டு அனுப்பிய மீன்!

மண்டி போட்டு எடுத்தேன். படுத்து எடுத்தேன். பெஞ்சு மேல் ஏறி எடுத்தேன். செல்வியின் ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்துவிட்டது.

"ஏனுங்க, அந்தப் பெரியவரு போலீசக் கூப்புடப் போறாருங்க. வாங்க போலாம்."

"பேசாத இரு செல்வி. வெளிச்சம் போயிரும்."

ஊர் திரும்பிய மறு ஞாயிறு காலையில் கழகக் கூட்டம். முன் வரிசையில் முதலாளி. அவர் பக்கத்தில் வீரபாண்டிச் சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டர் பழனிசாமியண்ணன். பின்னால் செல்வி. (மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஆசை காட்டிக் கூட்டி வந்திருந்தேன்.) ஏரி வந்தது, மலை வந்தது, கொட்டாவியும் வந்தது. பனிச்சிகரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அதன் முன்னால் நின்ற டூரிஸ்ட்டின் ஜாக்கெட் நம்மூரா, சைனாவா என்று விவாதித்தார்கள்.

கடைசியில் பெரியவர் வந்தார். சுவர் முழுக்க நின்றார். கைதட்டல்! அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கையில் மைக் இருந்தது. (மைக் பிடித்தால் எனக்குச் செந்தமிழ் வந்துவிடும்.)

"கவனியுங்கள். மாலை வெயில் நெஞ்சின் மீது மட்டும் விழுகிறது. கைகளோ இருளில் ஆழ்கின்றன. இந்த மனிதரின் தனிமையை வெளிச்சமே பேசுகிறது. இன்னொரு விசேஷம். இந்த டி-ஷர்ட் நம் தலைவரின் கம்பெனியில் தைத்தது. பாஸ் போட்டது அடியேன்!"

முதலாளியின் முகம் மலர்ந்தது. காலண்டர் அட்டை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது.

பழனிசாமியண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏனுங் மோகன், படத்தக் கொஞ்சம் பெருசு பண்ணுங்."

பெருமையோடு பெரிதாக்கினேன்.

"இன்னங் கொஞ்சம். வெயிலு எந்தப் பக்கமிருந்துங் வருது?"

"எடது பக்கமிருந்துங்ணா."

"அப்ப சட்டையோட எடது கை வெளிச்சமா இருக்கோணுமல்லங்? ரெண்டு கையும் ஒரே இருட்டா இருக்குது. தாடில விழுகற வெயிலு கையில மட்டும் விழுகாதுங்களா?"

கலைஞனாகவே யோசித்தேன். "அது... நெழலுங்ணா."

"நெழலு இல்லீங் மோகன். ஒடம்பு ஒரு லாட்டுத் துணி, கை ஒரு லாட்டுத் துணி. மாத்தித் தெச்சுட்டாங்க."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சட்டையின் எல்லாத் துண்டுகளும் ஒரே தடவையில் சாயம் போட்ட துணியிலிருந்து, அதாவது ஒரே லாட்டிலிருந்து, வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நீலம் இரண்டு நீலமாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஹாலில் இருந்த அத்தனை பனியன்காரர்களும் எழுந்து சுவரை நெருங்கினார்கள். எங்கள் கழகத்தில் ஒரு படத்தை இத்தனை பேர் இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒருவர் சுவரையே விரலால் தடவிப் பார்த்தார்.

"படம் செம ஷார்ப்புங்க," என்றார் கொக்குக்காரர். "ஒவ்வொரு தையலும் தெரியுது."

அதை நான் பாஸ் போடவில்லை என்று சொல்லிப் பார்க்கவும் வழியில்லை. சற்று முன்புதான் மைக்கில் அறிவித்திருந்தேன். செல்விதான் காப்பாற்ற முயன்றாள். "ஏனுங்க, அடுத்த படத்தப் போடுங்க!"

போட்டேன். அதே பெரியவர், பக்கவாட்டில். அதற்கடுத்து, இன்னும் கிட்டத்தில். மொத்தம் பதினேழு கோணங்களில் எடுத்து வைத்திருந்தேன். பதினேழிலும் கை வேறு நீலமாகவே இருந்தது.

முதலாளி திட்ட மாட்டார். அதுதான் அவரிடம் பயமே. எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். "நல்ல படமுங்க மோகன். இதப் பெருசா பிரிண்ட் எடுத்து எல்லாரும் பாக்கறாப்ல வெச்சரோணும்."

நம்பிவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சுதான். "செல்வி, கைய மட்டும் வெட்டிட்டு அட்டையில போடுவாருன்னு நெனைக்கறேன்."

"யாரு கையவாமா?"

காலண்டர் அட்டையில் கொக்கு வந்தது. என் படம் ஆளுயரத்துக்குப் பிரேம் போடப்பட்டு எங்கள் கம்பெனி செக்கிங் செக்‌ஷன் சுவரில் ஏறியது. இரண்டு கைகளுக்கும் சிவப்பு அம்புக்குறி. கீழே 'இப்படி அனுப்பக் கூடாது' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களை முதல் நாள் அந்தப் பெரியவர் முன்னால்தான் நிறுத்துகிறார்கள். ஓரத்தில் 'படம்: மோகன்' என்று நானே கெஞ்சிக் கேட்டுப் போடவைத்தேன். கலைஞனுக்கு அங்கீகாரம் முக்கியமில்லையா?

இப்போதும் வீட்டுக்கு வரும் விருந்தாளி யாராவது "இன்னும் போட்டோ எடுக்கறீங்களா?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொள்வாள்.

"எடுக்கறாருங்க. மத்தவங்க எடுத்த படத்தப் பார்த்தா நல்லாருக்குதும்பாங்க, அவ்வளவுதான். இவரு எடுத்த படத்தப் பார்த்து ஒரு கம்பெனியே திருந்திருச்சுங்க!"