சுவரில் மோதாத பாம்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நம் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, உன் அத்தானின் காதுகள் கூர்மையானவை.

முதலில் ஒரு கேள்வி. முட்டிச் சாக வேண்டிய இடத்தில், சுவர் பக்கத்திலேயே இருந்தும், நான் ஏன் அந்தப் பாம்பைச் சாகவிடவில்லை? எனக்குத் தெரியாது. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள், ஒரு குவளைத் தண்ணீரைக்கூடச் சோதிக்காமல் நம்பாதவள், என்னைப் பற்றிய இந்த ஒரு கேள்விக்கு என்னிடமே விடை இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் நடந்ததைச் சொல்கிறேன். பாம்பு என்றதும் பதறாதே. உன் அத்தானின் பழைய பட்டன் போனில், புள்ளியைத் தின்றுதின்று நீளுமே, அந்தப் பாம்பு.

உனக்கு இந்த ஊருக்கே மாற்றல் வந்திருக்கிறது, வீடு கிடைக்கும்வரை எங்களோடு தங்கலாமா என்று கேட்டிருந்தாய். அத்தானிடம் சொன்னேன். "ம்" என்றார். அது வரட்டும் என்கிற "ம்" இல்லை, வேண்டாம் என்கிற "ம்"மும் இல்லை. இரண்டு வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே அவருக்கு வருவது அந்த ஓர் எழுத்துதான். காரணம் உனக்கும் புரியவில்லை, எனக்கும் வெகுநாள் புரியவில்லை. அவர் பிறந்தநாளுக்கு ஆசையாக டச் போன் வாங்கிக் கொடுத்து, "பழசைக் கடையில குடுத்துடறேன் அத்தான், குப்பையா கிடக்கு" என்று பட்டன் போனைக் கையோடு எடுத்துப் போனாய் அல்லவா, அங்கேதான் வினை. நீங்கள் இருவரும் மாமன் மச்சினனாகப் பழகியதே அந்தப் போனை ஆளுக்கு ஓர் ஆட்டம் என்று கை மாற்றிக்கொண்டுதான். கண்ணாடிக் கடை வைத்து ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிசெய்த மனிதர் ஒரு போனுக்காகவா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "போன் போனா போகட்டும். உள்ள என் பாம்பு இருந்துச்சு" என்றார். அவருடைய ரெக்கார்ட். நான்கு இலக்க எண். கல்யாண நாள் மறந்தாலும் அது மறக்காது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

சரி, விளையாட்டுதானே, வேறொரு கருவியில் வாங்கிக் கொடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். படித்தவள் செய்கிற தப்பு இது. முதலில் நீ கொடுத்த டச் போனிலேயே மகள் அதை இறக்கிக் கொடுத்தாள். பாம்புக்குத் தோல் பளபளத்தது, கண் இமைத்தது, ஆனால் பட்டன் இல்லை, விரலால் இழுக்க வேண்டும். இவர் இழுத்த இழுப்பில் ஆட்டம் மறைந்து, கடைக்குக் கண்ணாடி பிரேம் சப்ளை செய்கிறவருக்கு வீடியோ கால் போய்விட்டது. அவர் குடும்பமே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கிழிந்த பனியனோடு "திரும்பு, திரும்பு, திரும்பித் தொலையேன்!" என்று கத்திக்கொண்டிருந்த உன் அத்தானைப் பார்த்தது. அடுத்து டிவியில் முயன்றோம். ரிமோட்டில் கீழ் நோக்கும் பட்டன் தேய்ந்து போயிருந்தது, அதனால் அந்தப் பாம்பு மேலே போகும், பக்கவாட்டில் போகும், இறங்க மட்டும் தெரியாது. பிறகு மகள் தன் ஸ்மார்ட் வாட்ச்சைக் கொடுத்தாள். அதுதான் பெரிய விபத்து. கடையில் ஒரு பஸ் கண்டக்டரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே, மணிக்கட்டில் ஓரக்கண்ணால் ஆடியிருக்கிறார். பாம்பு தன் வாலையே கடித்துவிட்டது. கண்டக்டரின் கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்திலிருந்து "ஐயோ, போச்சு!" என்றிருக்கிறார். "என்ன சார் போச்சு? வலதா இடதா?" என்று அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, ஒன்றும் போகவில்லை என்று சத்தியம் செய்து, ஒரு குளிர்கண்ணாடியைச் சும்மாவே மாட்டிவிட்டு அனுப்பினாராம்.

கடைசியாக மகள் தானே ஒன்று எழுதிக் கொடுத்தாள். அவள் கல்லூரியில் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஆரம்பப் பாடமே இந்தப் பாம்புதானாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா தோற்கக் கூடாது என்று பாசத்தில் சுவர்களை எடுத்துவிட்டாள், வலப்பக்கம் வெளியே போனால் இடப்பக்கம் உள்ளே வரும். இவர் ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு மடிக்கணினியை மூடினார்.

"என்னப்பா, பிடிக்கலையா?"

"சுவரே இல்லேன்னா எதுக்கும்மா பயப்படறது? பயமே இல்லேன்னா அப்புறம் என்ன ஆட்டம், நடைப்பயிற்சி மாதிரி?"

தம்பி, உள்ளதைச் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எனக்கு இந்த விளையாட்டின் மேல் முதல்முதலாக மரியாதை வந்தது. அதற்கு முன் இருந்தது பகை. பல்கலைக்கழகத்தில் கணினி அறையில் ஒரே ஓர் இயந்திரம், கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நான் தண்ணீர் மாதிரிகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன், என் வகுப்புப் பையன்கள் நட்சத்திரக் குறிகளை வரிசையாகக் கோத்துப் பாம்பு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் உருப்பட மாட்டார்கள் என்று அன்றே முடிவு கட்டினேன். (உருப்பட்டுவிட்டார்கள். ஒருவர் இன்று என் மேலதிகாரி.) பிறகு காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டியில் பார்த்தேன், பட்டன் போனில் பார்த்தேன், வண்ணத்தில், தொடுதிரையில், மணிக்கட்டில். திரை மாறியது, விரல் மாறியது. பாம்பு மாறவில்லை. தின்றால் நீளும், நீண்டால் ஆபத்து, அவ்வளவுதான் சட்டம். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இமை வைத்தவர்களும் பளபளப்பு வைத்தவர்களும் அதை ஒரு துளிகூட மேம்படுத்தவில்லை. என் வேலையில் நான் மதிக்கிற ஒரே குணம், வேண்டாததை வடிகட்டத் தெரிவது. இதை முதலில் யோசித்த மூளை எதுவோ, அது நன்றாக வடிகட்டத் தெரிந்த மூளை.

அதனால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய போன் கடைக்குப் போனேன். அதே மாடல், அதே நீலம், அதே போல் தேய்ந்த மூலை. பழைய போனே திரும்பக் கிடைத்தது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். "உள்ள எல்லாத்தையும் அழிச்சுட்டேன்மா, புத்தம்புதுசு மாதிரி" என்றார் மெக்கானிக், பெருமையோடு. ரெக்கார்ட் பூஜ்யம் என்று காட்டினால் உன் அத்தான் நம்புவாரா? அவருடைய எண் அதில் இருந்தாக வேண்டும். அது வர வேண்டுமென்றால் யாராவது ஆட வேண்டும். ரகசியமாக ஆட வேண்டுமென்றால் நான்தான் ஆட வேண்டும்.

ஆடினேன். மதிய உணவு வேளையில், பரிசோதனைக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, "கலங்கல் சோதனை நடக்கிறது, திறக்காதீர்" என்று பலகை மாட்டிவிட்டு. முதலில் பாம்பு பிறந்த உடனே செத்தது. பிறகு கொஞ்சம் வளர்ந்து செத்தது. ஓரமாகவே ஓட்ட வேண்டும், நடுவில் இடம் விட்டு வைக்க வேண்டும், புள்ளியைக் கண்டதும் பாயக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. உதவியாளர் ஒருநாள் கதவைத் தட்டி, "மேடம், ரொம்பக் கலங்கலா?" என்று கேட்டார். "இருக்கிறது" என்றேன், குரலை மாற்றாமல். மூன்றாவது வாரம் அத்தானின் எண்ணைத் தொட்டேன். அத்தோடு சுவரில் முட்டியிருக்க வேண்டும், அதுதான் திட்டம், சுவர் ஒரு கட்டம் தள்ளித்தான் இருந்தது. நான் திருப்பிவிட்டேன். தம்பி, நான் திருப்பிவிட்டேன். அதற்குப் பிறகு நெடுநேரம் அது போயிற்று.

அந்தப் போனில் பெரிய எண்தான் நிற்கும், குறைக்க வழியில்லை, மெக்கானிக்கிடம் கொடுத்து அழித்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆட வேண்டும். நடப்பது நடக்கட்டும் என்று அதையே கொண்டுவந்து கொடுத்தேன். "அதே போன், கடையில் அப்படியே கிடந்தது" என்றேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது என் நம்பர் இல்லையே."

"பிறகு?"

"உன் தம்பி! கடையில குடுக்கறதுக்கு முன்னாடி ஆடிப் பாத்திருக்கான், படுபாவி. ஒரே நாள்தான் கையில இருந்திருக்கும்... ஒரே நாள்ல எப்படி இது?"

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். மெதுவாக உட்கார்ந்தார். "நான் அவன என்னமோன்னு நினைச்சேன். ஆட்டக்காரன்டி அவன். வரச் சொல்லு. என் எதிர்ல உட்கார்ந்து ஆடிக் காட்டணும், அவ்வளவுதான்" என்றார். இரண்டு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் பேசிய முதல் முழு வாக்கியங்கள்.

ஆகவே, சோதிக்காமல் எதற்கும் கையெழுத்துப் போடாத உன் அக்கா, உன்னிடம் ஒரு பொய் கேட்கிறாள். அந்த எண் உன்னுடையது என்று ஒப்புக்கொள். அடுத்த வாரம் நீ வருவதற்குள் எங்கேயாவது ஒரு பட்டன் போன் தேடிப் பிடித்துப் பழகு. ஓரமாகவே ஓட்டு, நடுவில் இடம் விடு. என்னுடையது என்று நானே சொல்லிவிடலாம்தான். இத்தனை வருஷமும் அவரைப் பார்த்து "இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?" என்று கேட்டவள் நான், எந்த முகத்தோடு சொல்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. கண்ணுக்கும் கட்டைவிரலுக்கும் ஓய்வு கொடு. நீ எல்லா நலமும் பெற்று, வாலைக் கடிக்காமல் வாழ என் ஆசிகள்.

உன் அக்கா.

பி.கு.: மறுநாள் எழுதுகிறேன். இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன், வாசலில் நீ பெட்டியோடு நிற்கிறாய். ஆபீஸில் உடனே வந்து சேரச் சொல்லிவிட்டார்களாம். நான் கண்ணைக் காட்டுவதற்குள் சட்டைப்பையிலிருந்து அந்தப் பட்டன் போனை, அசல் போனை, எடுத்து அத்தான் கையில் வைத்துவிட்டாய். "கடையில வேணாம்னுட்டாங்க அத்தான். உங்க ரெக்கார்ட ஒரு தடவை முறியடிச்சுட்டுத் தந்துடலாம்னு வச்சுக்கிட்டேன். ரெண்டு வருஷமா முடியல. அந்த வெட்கத்துலதான் சொல்லல" என்றாய். மேஜையில் இரண்டு போன்கள். ஒன்றில் அவருடைய எண், பத்திரமாக. இன்னொன்றில் என்னுடையது. அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "பாவம்டா உன் அக்கா. ஒரு சொட்டுத் தண்ணிய நம்ப மாட்டா, போன் கடைக்காரன் எதையோ தலையில கட்டிட்டான்" என்றார். நீயும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய்.

பிறகு இருவரும் ஒரே சோபாவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, யாரோ ஒருவனின் எண்ணை முறியடிக்க ஆரம்பித்தீர்கள். சாப்பாடு ஆறியது. "பெரிய ஆளுடா இவன்" என்றார் அவர். "பொறுமைசாலி" என்றாய் நீ. "கல்யாணம் ஆகாதவனா இருப்பான், இல்லேன்னா இவ்வளவு நேரம் எங்கேர்ந்து கிடைக்கும்?" என்றும் சேர்த்தாய்.

"ஆகியிருக்கும்" என்றேன் நான். யாரும் திரும்பவில்லை.

இப்போது இருவரும் பாட்டரி வாங்கப் போயிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேலேயே வைத்துவிடப் போகிறேன். நான் வாங்கிய போனில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது, ஓர் ஆட்டம் ஆடினேன். இந்த முறையும் சுவர் பக்கத்தில்தான் இருந்தது, இந்த முறையும் மோத மனம் வரவில்லை. திரும்பி வந்ததும் எண்ணைப் பாருங்கள்.