எக்ஸாஸ்ட் பிரேக்கும் என் இரண்டு கால்களும்

ஒரு விஷயம் சுத்தமாகத் தெரியாதவனால் ஊருக்குத் தொல்லை இல்லை. அவன் பாட்டுக்கு ஓரமாக நிற்பான். முழுசாகத் தெரிந்தவனாலும் தொல்லை இல்லை. பத்துப் பக்கம் மட்டும் படித்தவன் இருக்கிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் நான் அப்படியொரு பத்துப் பக்க அறிஞனாக இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். சேலத்தில் டிப்ளமா முடித்துவிட்டு நெய்வேலிக்கு வந்து, மைன்ஸுக்குத் தண்ணீரும் சரளையும் கொண்டுபோகும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். வண்டிகளைக் கவனிப்பது வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் அட்டை வைத்த நோட்டு. (பேனா இரண்டில் ஒன்று எழுதாது. அது கம்பீரத்துக்கு.) புரொபேஷன் இன்னும் முடியவில்லை.

நெய்வேலிப் பக்கம் மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வடலூரிலிருந்து சைக்கிளில் வந்தால் முழங்கால் வலிக்காமல் வந்து சேரலாம். அந்தச் சீமையில் இருந்த ஒரே சரிவு மனிதர்கள் தோண்டியது. மைன்ஸுக்குள் இறங்கும் மண்சாலை அது. அந்த இறக்கத்தில்தான் எங்கள் லாரிகளின் பிரேக் லைனிங், அதாவது சக்கரத்தை உரசிப் பிடிக்கும் பட்டைகள், எல்லாம் கருகிக்கொண்டிருந்தன.

அதிகமாகக் கருகியது கோவிந்தசாமி அண்ணன் ஓட்டிய தண்ணீர் லாரியில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முத்தாண்டிக்குப்பத்துக்காரர். கிளீனராக வந்து டிரைவரானவர். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை லைனிங் போனபோது கான்ட்ராக்டரின் மேனேஜர் என்னிடம் ரிப்போர்ட் கேட்டார். நான் அந்த வண்டியில் ஏறியும் பார்க்கவில்லை. 'காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் கோவிந்தசாமி அண்ணன் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார்.

"சார், மைன்ஸ்ல பர்மனென்ட்டுக்கு மனு போட்டுக்கினு இருக்கேங்க. கான்ட்ராக்ட்ல நல்லபடியா ஓட்டுனான்னு ஒரு லெட்டர் வேணும். மேனேஜர் உங்க ரிப்போர்ட்ட காட்டி, முடியாதுன்னுட்டாருங்க."

நான் நோட்டைப் புரட்டினேன்.

"எங்க வூட்ல நாலு தலமொறையா அடுத்தவங்க கொல்லையில வேல செஞ்சவங்கதான். மாசச் சம்பளம்னு ஒருத்தனும் பாத்ததில்ல. நான் கவனமில்லாம ஓட்டுனதா நீங்க பாத்தீங்களா சார்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் முறைத்திருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இன்னிக்கு உங்ககூட வரேன் அண்ணே" என்று வண்டியில் ஏறிக்கொண்டேன்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் கியரை நியூட்ரலில் தள்ளினார். வண்டி தானாக உருண்டது. பின்னால் தொட்டித் தண்ணீர் தளும்பித் தளும்பித் தள்ள, அவர் கால்பிரேக்கை மிதித்துக்கொண்டே இறக்கினார். பாதி வழியிலேயே கருகல் வாடை வந்துவிட்டது. கீழே போனதும் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, லைனிங் உரசும் பின்சக்கர டிரம்மில் ஊற்றினார். சொய்யென்று ஆவி கிளம்பியது.

"நியூட்ரல் எதுக்கு அண்ணே?"

"எல்லாரும் அப்பிடித்தாங்க ஓட்டறோம். டீசல் மிச்சம் புடிக்கிறவங்களுக்கு மேனேஜர் தீவாளிக்கு வேட்டி குடுக்கிறாரு. போன வருஷம் எனக்குத்தான் கெடச்சிது."

ஆக, ஒரு கையால் வேட்டி கொடுத்தவரே மறு கையால் லைனிங்கை எரித்துக்கொண்டிருந்தார். யோசித்தபடி பார்வையைத் திருப்பியபோதுதான் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியும், அதில் கூழ்த் தூக்கு தொங்குவதும் தெரிந்தது. அந்த வண்டி முன்பு எங்கோ மலைப்பாதையில் ஓடி, இரண்டாம் கையாக எங்களிடம் வந்தது.

"இது என்ன அண்ணே?"

"தூக்கு மாட்டறதுக்குங்க. வண்டி வரும்போதே இருந்திச்சி."

ஆபீஸ் பீரோவில் அந்த வண்டியோடு வந்த புத்தகம் கிடந்தது. அதில் பத்துப் பக்கம் படித்தேன். தூக்கு மாட்டும் கொக்கிக்குப் பெயர் எக்ஸாஸ்ட் பிரேக். கைப்பிடியை இழுத்தால் புகைக்குழாய்க்குள் ஒரு தகடு மூடிக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும், டீசலும் நின்றுவிடும். கியரில் இருக்கும் வண்டியை அந்தத் திணறலே பிடித்து இழுக்கும். கால்பிரேக்குக்கு வேலையே இல்லை. லைனிங் கருகாது, டிரம் காயாது, நிஜமாகவே ஒரு ஆபத்து என்றால் மிதிப்பதற்குக் கால்பிரேக் புதுசாகக் காத்திருக்கும். நியூட்ரலில் உருளும்போதாவது இன்ஜின் கொஞ்சம் டீசல் குடிக்கும், இதில் அதுவும் கிடையாது. வேட்டிக்கும் பங்கமில்லை.

துருப்பிடித்திருந்த தகட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து மாட்டினோம். கோவிந்தசாமி அண்ணன் முதல் நடை இறக்கிவிட்டுக் கீழே போய் டிரம்மில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"தினம் தோசக்கல்லாட்டம் கொதிக்கும் சார். இன்னிக்குப் பான மாதிரி சில்லுன்னு இருக்குது."

அதோடு நான் நின்றிருக்க வேண்டும். மேனேஜரை ஒரு நடை அவரோடு ஏற்றி அனுப்பியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் கண்டுபிடித்தவன் நானல்லவா. (கண்டுபிடித்தது வண்டி செய்தவன். நான் தூக்கைக் கழற்றியவன்.) "நானே ஓட்டிக் காட்டுகிறேன்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. காலி லாரியை ஒர்க்‌ஷாப்புக்குள் முன்னும் பின்னும் நகர்த்திய அனுபவமும் இருந்தது.

"சார், தண்ணி வண்டி வேற மாதிரி தள்ளும். நான் ஓட்டறேன், நீங்க வெவரம் சொல்லிக்கினு வாங்களேன்" என்றார் கோவிந்தசாமி அண்ணன்.

"தத்துவம் தெரிந்தால் போதும் அண்ணே" என்றேன். இப்படியே சொன்னேன், எழுத்துத் தமிழில்.

மறுநாள் மதியம், இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஜன்னலோரம் மேனேஜர், வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். நடுவில் கோவிந்தசாமி அண்ணன். இறக்கத்தின் தலைப்பில் இரண்டாவது கியர் போட்டுக் கைப்பிடியை இழுத்தேன். புகைக்குழாய் உர்ரென்று உறுமியது. முழுத் தொட்டித் தண்ணீரோடு வண்டி நல்ல பிள்ளையாக, மனிதன் நடக்கிற வேகத்தில் இறங்கியது.

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"காலுக்கு வேலையே கிடையாது சார். இப்ப பாருங்க" என்று சொல்லி, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பந்திக்கு உட்கார்ந்தவன் மாதிரி இருந்தேன் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

தூரத்தில் ஒருவர் சைக்கிள் செயின் கழன்று, நடுச்சாலையில் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் போன வேகத்துக்கு, அவர் செயினை மாட்டி, கையைத் துடைத்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தோன்றவில்லை. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று இரண்டு கால்களையும் ஒரே சமயத்தில் கீழே இறக்கினேன்.

இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் கிளட்ச்.

கிளட்சை மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். நியூட்ரல் போடுவதும் அதுவும் ஒன்றுதான். இது பதினோராம் பக்கத்தில் இருந்தது. நான் படித்தது பத்து. உறுமல் நின்றது, இன்ஜின் அணைந்தது, வண்டி ஓடத் தொடங்கியது. பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக மிதித்தேன். இரண்டு காலாலும்.

"சார், அது கிளட்ச்சிங்க" என்றார் கோவிந்தசாமி அண்ணன். சத்தம் போடவில்லை. "எடுத்துடுங்க."

எடுக்கவில்லை. காது கேட்டது, கால் கேட்கவில்லை. அவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பற்றினார். குனிந்து, மறு கையால் என் பேன்ட்டை முழங்காலுக்குக் கீழே கொத்தாகப் பிடித்து, இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கினார். கிளட்ச் மேலே வந்தது. செத்துக் கிடந்த இன்ஜினைச் சக்கரங்கள் இழுத்துச் சுற்றின, மூடியிருந்த தகடு தன் வேலையைக் காட்டியது, வண்டி உறுமி அடங்கியது. மிச்சமிருந்த வேகத்தை ஓரத்தில் கிடந்த களிமண் குவியலில் கொண்டுபோய்ப் புதைத்தார். தொட்டியின் வாய் மூடியைச் சரியாகப் பூட்டாதவனும் நான்தான் என்பது அப்போது தெரிந்தது. தண்ணீர் எழும்பிக் கூரை வழியாக வந்து, ஜன்னலோரம் இருந்த வெள்ளைச் சட்டையின் மேல் நிதானமாக ஊற்றியது.

சைக்கிள்காரர் செயினை மாட்டிவிட்டு, எங்களைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டு போனார்.

மேனேஜர் இறங்கினார். தலையைத் துடைக்காமல் நேராகப் பின்சக்கரத்துக்குப் போய் டிரம்மைத் தொட்டார். "சில்லுன்னு இருக்கு" என்றார். "கால்பிரேக் இருந்த பக்கமே நீ போகலைன்னு தெரியுது."

ஆபீசுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"முன் பம்பர் போச்சு. ரிப்போர்ட் எழுதியாகணும். நீ ஓட்டினேன்னு எழுதினா உன் புரொபேஷன் அம்போ. ஓட்டினது கோவிந்தசாமின்னு எழுதிடு. அவன் பேர் ஏற்கெனவே கெட்டதுதானே."

உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. எழுதாத பேனாவை எடுத்துத் தாளில் கீறிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். ஊரில் அம்மாவுக்கு மாதா மாதம் நான் அனுப்புவதுதான். ஜன்னலுக்கு வெளியே கோவிந்தசாமி அண்ணன் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே பார்க்கவில்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

பேனாவை மாற்றி எழுதினேன். வண்டி ஓட்டியது நான். லைனிங் கருகியது நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தால், ஓட்டுநரின் கவனக்குறைவால் அல்ல. முந்தைய ரிப்போர்ட் வண்டியில் ஏறிப் பார்க்காமல் எழுதப்பட்டது. வண்டியைக் காப்பாற்றியது கோவிந்தசாமி. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். என் புரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். 'சூப்பர்வைசர் இனி எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது' என்று தன் கையாலேயே கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அன்று முதல் யாரும் இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது என்று உத்தரவும் வந்தது. கோவிந்தசாமி அண்ணனுக்கு லெட்டர் கிடைத்தது. மழைக்காலம் முடிவதற்குள் பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் வாங்கிவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, வடலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நெய்வேலிக்கு பஸ் ஏறி வந்தார். டீக்கடையில் காக்கிச் சட்டையோடு நின்ற ஒருவரிடம் என் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி என்று கேட்டிருக்கிறார். கேட்டது கோவிந்தசாமி அண்ணனிடம். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாராம்.

"தப்பு பண்ணா தம்மேலயே எழுதிக்கிற மனுசங்க. நம்பிப் பொண்ணு குடுக்கலாம். வண்டிய மட்டும் குடுத்துடாதீங்க."

பெண் கொடுத்தார். கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் நடுவே இதை அப்படியே சொல்லியும் காட்டினார். என் மனைவிக்கு அது அப்பா வாக்கு. போன மாதம் மகன் ஒரு கார் வாங்கி வந்து, "இதுல கிளட்சே கிடையாதுப்பா, நீங்ககூட ஓட்டலாம்" என்றான். நான் ஆசையாகக் கை நீட்டினேன். சாவியை அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.