ஏழு புள்ளிச் சரிவும் ஒரு தையல் மிஷினும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டாரும் சௌக்கியம். அங்கே சௌக்கியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு தசமப்புள்ளி வரை துல்லியமாகவே தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். அதற்கு முன்னால் அக்காவின் சளிக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கவும்.

என் கல்யாணத்தன்று நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆராய்ச்சி மையத்தில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் தாமதமாக இப்போது சொல்கிறேன். மாதாமாதம் பதினைந்தாம் தேதி ஜனங்களுக்குப் போன் போட்டு ஐந்து கேள்வி கேட்போம். போன வருஷத்தைவிட உங்கள் வீடு நன்றாக இருக்கிறதா, அடுத்த வருஷம் நன்றாக இருக்குமா, நாடு எப்படி, இன்னும் ஐந்து வருஷத்தில் எப்படி, வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரமா. வந்த பதிலைக் கூட்டிப் பெருக்கி 'இல்லங்களின் நம்பிக்கை எண்' என்று வெளியிடுவோம். அது ஏறினால் கடைக்காரர்கள் சரக்கு எடுப்பார்கள், இறங்கினால் அமைச்சர்கள் கூட்டம் போடுவார்கள். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்வது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் நாலே பேர். இயக்குநர், புள்ளியியல்காரர், போன் போடும் அம்மாள், அப்புறம் அலுவலகக் கண்காணிப்பாளராகிய நான். ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் ஸ்டாண்டு. நாட்டின் நிலைமையை அங்கிருந்துதான் பார்க்கிறோம்.

இப்போதெல்லாம் தெரியாத நம்பர் என்றால் யாரும் போனை எடுப்பதில்லை அத்தான். எடுத்தாலும் 'ஆராய்ச்சி' என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிடுகிறார்கள். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு வகை ஜனத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. 'அறுபதைத் தாண்டிய, சொந்த வீட்டில் வசிக்கும் நகரப் பெண்கள்' என்ற கட்டத்தில் முன்பு நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்று போய்ப் போன வருஷம் கட்டமே காலியாகிவிட்டது. காலிக் கட்டத்தோடு அறிக்கை போகக்கூடாதே என்று, எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ, அக்கா ஒரு தடவை கொடுத்திருந்த அவளுடைய போன் நம்பரைப் பேட்டி அட்டையில் எழுதிச் சேர்த்துவிட்டேன். ஊழியரின் சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்று விதி. அந்த விதியைச் சுற்றறிக்கையாக டைப் அடித்ததே நான்தான்.

ஒரே ஓர் ஆள் இருக்கிற கட்டத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் புள்ளியியல்காரர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அந்தக் கட்டத்தில் நாட்டில் மூன்று லட்சம் பெண்கள் இருக்கிறார்கள், அதனால் அக்காவின் பதிலை மூன்று லட்சத்தால் பெருக்கிவிட்டார். அதாவது அத்தான், அக்கா ஒரு பெருமூச்சு விட்டால் மூன்று லட்சம் பேர் பெருமூச்சு விட்டதாகக் கணக்கு. ஆறு மாசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம்தான் நீங்கள் அந்தத் தையல் மிஷினைத் தூக்கிக் கொடுத்தீர்கள்.

பெரியவர்களைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில் இடத்தை அடைக்கிறது என்று அவள் மிஷினை எதிர்வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்தது எந்த ஆம்பளைக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றும், அந்த ஒரு வார்த்தையை நாலு மாசமாக இன்னும் பேசவில்லை என்றும் உங்கள் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆனால் அதன் பலன் எங்கே வந்து விழுந்தது தெரியுமா? என் மேஜையில். அந்த மாசத்திலிருந்து ஐந்து கேள்விக்கும் உங்கள் வீட்டுப் பதில் 'மோசம்', 'மோசம்', 'ரொம்ப மோசம்'. சாமான் வாங்க நல்ல நேரமா என்று கேட்டால், "இந்த வீட்டுல இனிமே ஒரு சாமானையும் தொட முடியாதும்மா" என்று பதில். அடுத்த வருஷம் பற்றிக் கேட்டால், "பேச்சுவார்த்தை ஆரம்பிச்சா பார்க்கலாம்". எட்டு நிமிஷத்தில் முடிய வேண்டிய பேட்டி உங்கள் வீட்டில் மட்டும் நாற்பது நிமிஷம் போகிறது. போன் அம்மாளும் குறுக்கே பேசுவதில்லை, அவளிடம் நின்று பேசுகிற ஒரே வீடு அதுதானாம். குறிப்புப் பத்தியில் நாலு மாசமும் ஒரே வரி எழுதியிருக்கிறாள்: 'குரல் கட்டியிருக்கிறது, சளி போலும்.' அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

எண் ஏழு புள்ளி சரிந்துவிட்டது. எங்கள் இயக்குநருக்குக் கால் தரையில் இல்லை. இருபது வருஷமாக அவரை யாரும் ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை, இப்போது வாரத்துக்கு மூன்று நாள் தொலைக்காட்சியில் மந்தநிலை வருகிறது என்று விரலை ஆட்டுகிறார். மூத்த குடிமக்கள் வர்த்தகப் பேச்சுவார்த்தை தாமதமாவதைக் கண்டு கவலைப்படுகிறார்கள் என்று ஒரு கட்டுரையும் எழுதிவிட்டார். அதைப் பார்த்துப் பயந்து எங்கள் தெரு ஃபர்னிச்சர் கடைக்காரர் கடையைப் பாதியாகச் சுருக்கிவிட்டார். அவரிடம் போய் இது எங்க அக்கா வீட்டுச் சண்டைதான் அண்ணே, நீங்க தைரியமா கட்டில் வாங்கிப் போடுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சரிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க இருபதாம் தேதி வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. அட்டையை எடுத்தால் நம்பர், நம்பரைத் தோண்டினால் அக்கா, அக்காவுக்குப் பின்னால் நான். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கையில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பதினைந்தாம் தேதி எண் பழையபடி ஏறிவிட்டால் குழு டீ குடித்துவிட்டுப் போய்விடும், ஏறின எண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், எதிர்வீட்டுல போய் அந்த மிஷினை வாங்கிட்டு வந்து பழைய இடத்துலயே வையுங்க. அக்கா பிடிவாதக்காரி, தானா வாயைத் திறக்க மாட்டா. நீங்கதான் முதல்ல பேசணும். என்ன பேசறதுன்னு தெரியலன்னா சளி எப்படியிருக்குன்னு கேளுங்க.

உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். அக்காவுக்கு என் நமஸ்காரம், அவள் உங்கள் பேச்சைக் கேட்கத் தொடங்கியபின் சொல்லிவிடவும். உங்கள் இல்லமும், உங்களைச் சேர்ந்த மூன்று லட்சம் இல்லங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பதினைந்தாம் தேதியை எதிர்நோக்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், மனசு கேட்காமல், உங்கள் மகள் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் புதுப் போனுக்குப் பேசினேன். சளி எப்படியிருக்கு என்றேன். "எனக்கென்னடா சளி? கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள். கேள்வி கேட்டு மாசாமாசம் போன் வருமே என்றேன். நாலு மாசமாக எந்தப் போனும் வரவில்லை, பழைய போன் அப்போதிருந்தே உங்களிடம்தான் இருக்கிறது, மாசத்தில் ஒரு நாள் நீங்கள் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் யாரிடமோ பேசிவிட்டு இறங்கி வருகிறீர்கள் என்றாள்.

அட்டையில் பெண் என்று நான் எழுதியிருந்ததால், ஆண் குரல் கேட்டும் போன் அம்மாள் அதைச் சளி என்று எழுதியிருக்கிறாள். அட்டையைத் திருத்த அவளுக்கு அதிகாரம் இல்லை. அத்தான், அந்த மூன்று லட்சம் பெண்களும் நீங்கள்தானா?

சரியென்று அந்த ஐந்து கேள்வியையும் அக்காவிடமே கேட்டேன். போன வருஷத்தைவிட வீடு எவ்வளவோ தேவலையாம், சத்தம் கித்தம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறதாம். ஆக நாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, ஆளை மாற்றிக் கேட்டிருக்கிறோம். மேலே நான் எழுதியதில் அக்காவைப் பற்றிய எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். வைக்கப் போகிற நேரத்தில் மட்டும் ஒன்று சொன்னாள்: "மாடியில அவர் யார்கிட்ட பேசறார்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லு. என்கிட்ட பேசாம அப்படி என்ன பேசறார்?"

பதினைந்தாம் தேதி போன் வரும். மாடிக்கு எடுத்துப் போகாதீர்கள். "உனக்குத்தான்" என்று சொல்லி அக்கா கையில் கொடுங்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும், மீதியைக் குழு வந்து பார்த்துக்கொள்ளட்டும்.