தங்கமுலாம் பூசிய காது

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹால். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் வருடம். கழற்றிப்போட்ட செருப்புகள் படிக்கட்டு வரைக்கும் கிடந்தன. உள்ளே சாமியார் யாரும் எழுந்தருளவில்லை. எழுந்தருளியிருந்தது ஒரு சவுண்டு கார்டு. தங்கமுலாம் பூசியதாம். கம்ப்யூட்டருக்குள் செருகினால் பாடகர் மூச்சு விடுவதுகூடக் கேட்குமாம். சாதா கார்டு எண்ணூறு ரூபாய். இது பதினெட்டாயிரம். மூச்சு கொஞ்சம் விலை கூடத்தான்.

முன்வரிசையில் வெங்கடபதி உட்கார்ந்திருந்தார். பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவழைத்த மந்திரவாதியை, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து காட்டி நடுச்சந்தையில் ஓட ஓட விரட்டியவர். அப்பேர்ப்பட்டவர் கார்டின் விளம்பரத்தில் இருந்த கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரு விஞ்ஞானச் சொல்லுக்கு நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். இதில் கடவுள் இல்லையே, அப்புறம் மோசடி எங்கிருந்து வரும்? அபாரமான பகுத்தறிவு!

பணத்துக்கு வழி, மனைவி பத்மாவதியின் கையில் இருந்தது. இரண்டு வளையல்கள். அவளுடைய அம்மா போட்டு அனுப்பியவை. "ஒருதாட்டி கேட்டீன்னா நீயே கழட்டிக் குடுத்துருவே" என்று சொல்லி அவளையும் அழைத்து வந்திருந்தார்.

மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் சாதா கார்டு, மற்றதில் தங்கக் கார்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஜோடி ஸ்பீக்கர். டை கட்டிய கிருபாசங்கர் ஒரே வீணை சி.டி.யை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டார்.

"மொதல்ல கேட்டது சாதாங்க. இப்பக் கேக்கறது தங்கமுங்க. வித்தியாசம் தெரியுதுங்களா?"

இத்தனை 'ங்க' போட்டுக் கேட்கிற மனுஷனிடம் இல்லை என்று சொல்ல கோயமுத்தூரில் யாருக்கு மனசு வரும்? "தெரியாம என்னங்க, சுத்தமாத் தெரியுதுங்க" என்றார் கோபிசெட்டிபாளையத்துத் தேங்காய் மண்டிக்காரர் அரங்கசாமி. அவருக்கு வலது காது பத்து வருஷமாகக் கேட்காது. இடது காது மரியாதைக்கு மட்டும் கேட்கும்.

ஹாலே தலையாட்டியது. வெங்கடபதி விடுவாரா? "கம்பியில நகம் படறதுகூடக் கேக்குதுங்க!" என்று ஒரு படி மேலே போனார். உண்மையில் அவருக்கு ஒரு எழவும் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது. மனைவியின் பக்கம் திரும்பி, "கழட்டு பத்மா" என்றார்.

பத்மாவதி வளையலைப் பிடித்தபடி எழுந்தாள். "கழட்டறனுங்க. அதுக்கு முன்னால நான் ஒருக்கா போட்டுப் பாக்கட்டுங்களா?"

கீழே விரித்திருந்த பவானி ஜமுக்காளத்தை உருவி, இரண்டு பேரை மேஜைக்கு முன்னால் திரைபோலப் பிடிக்கச் சொன்னாள். கிருபாசங்கர், "வேண்டாமுங்க அம்மணி, கார்டு சூடாயிருமுங்க" என்று தடுத்துப் பார்த்தார். "பொம்பள ஆசைப்படறா, உடுங்க" என்றது கூட்டம். அவள் திரைக்குப் பின்னால் போனாள்.

வீணை ஒலித்தது. "இது எதுங்க?"

"சாதா!" என்றது ஹால்.

மறுபடியும் ஒலித்தது. "இது?"

"தங்கம்!" வெங்கடபதியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

மூன்றாவது தடவையும் "தங்கம்!"

பத்மாவதி ஜமுக்காளத்தை விலக்கினாள். தங்கக் கார்டு போட்ட கம்ப்யூட்டரின் பிளக், பிடுங்கிய நிலையில் அவள் கையில் தொங்கியது.

"மூணு தாட்டியும் பாடுனது சாதாதானுங்க. ரண்டாவதுக்கும் மூணாவதுக்கும் இந்த ஸ்பீக்கர் வால்யூமைக் கொஞ்சம் திருகுனேன். டை கட்டுன இவருந்தான் தங்கமுன்னு சொல்றப்பெல்லாம் இடது கையால திருகுனாரு. நீங்கெல்லாம் பாட்டைக் கேட்டீங்க. நான் வளையல் போற கவலையில அவரு கையையே பாத்துட்டிருந்தனுங்க."

கிருபாசங்கர் டையைத் தளர்த்திக்கொண்டு கதவைத் தேடினார். அங்கே முன்பணம் கொடுத்தவர்கள் நால்வர் மிகவும் மரியாதையாக நின்றார்கள்: "எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

அரங்கசாமி வெங்கடபதியைப் பார்த்தார். "ஏனுங்க செயலாளரே, நகம் படறது கேட்டுச்சுன்னீங்களே?"

வெங்கடபதிக்கு முகம் எரிந்தது. மந்திரவாதிக்குக் கிடைத்த ஓடும் வசதிகூட அவருக்கு இல்லை. மனைவி பக்கத்திலேயே நின்றாள். மேஜைமேல் கிருபாசங்கர் விட்டுப்போன மைக்கைப் பிடித்தார்.

"கேக்கலைங்க. மொதல்லயே கேக்கலைங்க. நீங்கெல்லாம் தலையாட்டுனதப் பாத்து நானும் ஆட்டுனேன். என்னையப் பாத்து நீங்க ஆட்டுனீங்க. சாமியில்லைன்னு மேடை போட்டுச் சொல்லத் தெரிஞ்ச எனக்கு, கேக்கலைன்னு சொல்லத் தெரியலீங்க. காது நம்முளுதுதானுங்களே? அதுல என்ன உழுந்துச்சுன்னு எதுக்குங்க அடுத்தவன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கோணும்?"